வாசகர் கேள்வி – பதில்: மொர்கோன் சரிவுகளில் கந்தகம் சேராத ஒயின்

பிரான்ஸின் பொஜொலே வட்டாரத்தில் மொர்கோன் என்ற ஒயின் பகுதியைச் சேர்ந்த மார்செல் லாப்பியேர் பற்றியும், அவரைப் போலக் கந்தகமும் கடையில் வாங்கிய ஈஸ்ட்டும் இல்லாமல் ஒயின் செய்யும் சிறு தோட்டக்காரர்கள் பற்றியும் சென்ற இதழில் எழுதிய குறிப்புக்கு நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் பொருளை மேலும் விளங்கிக்கொள்ள உதவும் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எதையும் சேர்க்காமல் திராட்சைச் சாற்றை நொதிக்க விடுவதுதானே உலகம் முழுவதும் இருந்த பழைய முறை? அதையே மறுபடி செய்த ஒருவரை முன்னோடி என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?
— வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: பழைய முறை நாம் நினைப்பது போல அவ்வளவு தூய்மையானதாகவும் இல்லை, அவ்வளவு நம்பகமானதாகவும் இல்லை. பீப்பாய்க்குள் கந்தகத் திரியைக் கொளுத்திப் புகையிடும் வழக்கம் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக இருந்துவருகிறது. அப்படியிருந்தும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சு ஒயின் கெட்டுப்போவது ஒரு தேசியக் கவலையாகவே ஆகியிருந்தது. அதனால்தான் மூன்றாம் நெப்போலியன் அதை ஆராயும் பொறுப்பை லூயி பாஸ்டரிடம் ஒப்படைத்தார். பாஸ்டரும் 1866இல் வெளியிட்ட தம் ஆய்வில், ஒயினுக்கு வரும் நோய்களுக்கெல்லாம் நுண்ணுயிரிகளே காரணம் என்று எடுத்துக்காட்டினார். ஆகவே லாப்பியேர் தம் பாட்டன் காலத்துக்குத் திரும்பிப்போனார் என்று சொன்னால் அது பாதி உண்மைதான்.

1973இல் வில்லியே-மொர்கோன் ஊரிலிருந்த குடும்பத் தோட்டத்தைப் பொறுப்பேற்றபோது, அவரும் முதலில் அக்கம்பக்கத்தார் செய்ததையே செய்தார். அன்றைய நிலையைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் அவர் மாற்றியது என்னவென்று புரியும். களைக்கொல்லியும் செயற்கை உரமும் விளைச்சலைக் கூட்டின. விளைச்சல் கூடியதால் பழத்தில் இனிப்பு குறைந்தது. இனிப்புக் குறைவை ஈடுகட்டச் சாற்றில் மூட்டை மூட்டையாகச் சர்க்கரை கொட்டப்பட்டது. பழம் முழு நலத்தோடு வராததால், தொட்டியில் விழுந்தவுடனேயே நுண்ணுயிரிகளை ஒடுக்கும் கந்தக டை ஆக்சைடு சேர்க்க வேண்டியிருந்தது; அந்தக் கந்தகம் பழத்தின் மேல் இயல்பாக இருக்கும் ஈஸ்ட்டையும் ஒடுக்கிவிட்டதால், ஆய்வகத்தில் வளர்த்த ஈஸ்ட்டைப் பொட்டலமாக வாங்கிப் போட வேண்டிய கட்டாயம் வந்தது. நவம்பர் மாதத்தின் மூன்றாம் வியாழக்கிழமையன்று சந்தைக்கு வரும் ‘பொஜொலே நுவோ’ ஒயினுக்கு உலகெங்கும் கிராக்கி ஏற்பட்டிருந்த காலம் அது. 71பி என்ற ஈஸ்ட் வகை தரும் வாழைப்பழ மணமே அந்த வட்டாரத்தின் மணம் என்று வெளியூரார் நம்பும் அளவுக்கு நிலைமை போயிற்று.

இந்தச் சங்கிலியை எந்தக் கண்ணியில் அறுப்பது என்று லாப்பியேருக்குக் காட்டியவர் ஜூல் ஷோவே. 1989இல் மறைந்த ஷோவே, பக்கத்து ஊரான லா ஷப்பேல்-த-கென்ஷேயில் ஒயின் வணிகம் செய்துவந்தவர். அதோடு நுண்ணோக்கியும் சோதனைக் குழாயுமாக வாழ்ந்த வேதியியலாளர். கந்தகத்தை விட வேண்டுமானால் பழத்தில் அழுகல் இருக்கக்கூடாது. அழுகல் இல்லாத பழமும் அதன் மேல் வளமான ஈஸ்ட்டும் வேண்டுமானால் மண்ணில் நஞ்சு இருக்கக்கூடாது. நஞ்சில்லாத மண் வேண்டுமானால் குறைந்த விளைச்சலை ஏற்றுக்கொள்ள வேண்டும். அவர் கற்றுத்தந்ததை நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். ஒரே ஒரு பொருளை நீக்க, அதற்கு முந்தைய வேலை ஒவ்வொன்றையும் திருத்த வேண்டியிருந்தது. 1980களின் தொடக்கத்தில் அந்தப் பாடத்தைத் தொழிலாக மாற்றிக்காட்டியவர் லாப்பியேர். ஜான் ஃபுவயார், கீ ப்ரெத்தோன், ஜான்-போல் தெவனே ஆகிய மொர்கோன்காரர்கள் மூவரும் அவரோடு அதே வழியில் நடந்தார்கள். முன்னோடி என்ற சொல்லை நான் தெரிந்தேதான் எழுதினேன்.

கேள்வி: ஈஸ்ட் சேர்க்காமல் நொதித்தல் எப்படித் தொடங்குகிறது? திராட்சையை மிதித்துப் பிழியாமல் குலை குலையாகவே தொட்டியில் போடுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பிழியாத பழத்துக்குள் ஆல்கஹால் எப்படி உண்டாகும்?
— வேதியியல் மாணவி, கோயம்புத்தூர்

பதில்: வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஆகவே பதிலும் சற்று நீளும்.

பொஜொலேயில் பயிராவது பெரும்பாலும் கமே என்ற கறுப்புத் திராட்சை. அதைக் கையால் பறித்து, காம்போடு முழுக் குலையாகவே தொட்டியில் நிரப்புகிறார்கள். அடியில் கிடக்கும் குலைகள் மேலே உள்ளவற்றின் எடையால் நசுங்கிச் சாறு விடுகின்றன. அந்தச் சாற்றில், பழத்தோலின் மீதும் நிலவறைச் சுவரிலும் மரத்திலும் வாழும் காட்டு ஈஸ்ட்டுகள் பெருகத் தொடங்குகின்றன. அவை வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு மெல்ல மேலேறித் தொட்டி முழுவதையும் நிறைத்துக் காற்றை வெளியேற்றிவிடுகிறது. இப்போது மேலே நசுங்காமல் கிடக்கும் ஒவ்வொரு பழமும் மூச்சுவிட ஆக்சிஜன் இல்லாத நிலைக்கு வருகிறது. அப்போது பழத்தின் செல்களிலுள்ள நொதிகள், ஈஸ்ட்டின் உதவியே இல்லாமல், சர்க்கரையில் ஒரு சிறு பகுதியை ஆல்கஹாலாக மாற்றுகின்றன. சுமார் 2 விழுக்காடு ஆல்கஹால் சேர்ந்தவுடன் பழத்தின் உயிர் அடங்கிவிடுகிறது. அதற்குள் பழத்திலிருந்த மாலிக் அமிலம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. தோலின் நிறம் சதைக்குள் இறங்குகிறது. புளிப்புக் குறைந்து, கரகரப்பு இல்லாமல், பழ மணம் மேலோங்கியிருக்கும் பொஜொலே ஒயினின் இயல்பு இங்கேதான் பிறக்கிறது.

பிறகு பிழிபொறி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செப்டம்பர் மாதம், அந்த வட்டாரத்தில் பெயர் தெரியாத ஒரு சிறு நிலவறையில் இதை அருகிருந்து பார்த்தேன். தொட்டிக்குள் இறங்குவதற்கு முன் தோட்டக்காரர் ஒரு மெழுகுவத்தியைக் கம்பியில் கட்டி உள்ளே இறக்கினார். சுடர் அணைந்ததும், ஒன்றும் பேசாமல் வெளியே எடுத்துவிட்டு, கதவுகளைத் திறந்து காற்று வர விட்டு அரைமணி நேரம் காத்திருந்தார். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, ஆளைக் கொல்ல அதிக நேரமும் ஆகாது. பிழிபொறியிலிருந்து வழிந்த சாற்றை ஒரு கிண்ணத்தில் பிடித்துக் கொடுத்தார். பாதி நொதித்து, இனிப்பு இன்னும் போகாமல், நாக்கில் சுருக்கென்று குமிழியிடும் அந்தச் சாற்றை அங்கே ‘பரதி’ என்கிறார்கள். சொர்க்கம் என்று பொருள்.

லாப்பியேரும் நண்பர்களும் இந்த வட்டார வழக்கத்தோடு ஷோவேயிடம் கற்ற குளிர்ச்சியைச் சேர்த்தார்கள். பறித்த குலைகளை இரவு முழுவதும் குளிரவைத்துத்தான் தொட்டியில் போடுவார்கள். காரணம் இதுதான்: சாற்றில் ஈஸ்ட் மட்டும் இருப்பதில்லை, லாக்டிக் பாக்டீரியாவும் இருக்கிறது. கந்தகம் இல்லாத சாற்றில் இரண்டுக்கும் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. குளிர்ச்சி ஈஸ்ட்டுக்குச் சாதகம். சர்க்கரை மீதமிருக்கும்போதே பாக்டீரியா முந்திக்கொண்டால், அது அந்தச் சர்க்கரையைத் தின்று அசிட்டிக் அமிலத்தை, அதாவது காடியின் புளிப்பை, உண்டாக்கிவிடும். நம் வீட்டு இட்லி மாவும் வெளியிலிருந்து எதையும் சேர்க்காமல்தான் பொங்குகிறது. ஆனால் அங்கே லாக்டிக் பாக்டீரியா வேலை செய்ய வேண்டும் என்பதே நம் விருப்பம். ஒயின்காரருக்கோ அதே பாக்டீரியா சற்றுப் பிந்தி வந்து, மீதமுள்ள மாலிக் அமிலத்தை மட்டும் மென்மையாக்கிவிட்டுப் போக வேண்டும். எந்த உயிரி எத்தனை இருக்கிறது என்று நுண்ணோக்கியில் எண்ணிப் பார்ப்பது ஷோவேயின் வழக்கம். கந்தகத்தை விட்டவர்கள் நுண்ணோக்கியைக் கையில் எடுத்தார்கள் என்பதை, ‘இயற்கை தானே பார்த்துக்கொள்ளும்’ என்று சொல்லுகிறவர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

பிழிந்த பின் ஒயின், ஏற்கெனவே பல ஆண்டுகள் பயன்பட்ட மரப் பீப்பாய்களில் மெல்லிய வண்டலோடு மாதக்கணக்கில் கிடந்து, வடிகட்டப்படாமல் புட்டிக்குப் போகிறது. புதுப் பீப்பாயின் மர வாசனை அவர்களுக்கு வேண்டியதில்லை.

கேள்வி: நான் பன்னீர்த் திராட்சை பயிரிடுகிறவன். பூஞ்சைக்கு மருந்தடிக்காமல் திராட்சைக் கொடியைக் காப்பாற்ற முடியும் என்று என்னால் நம்ப முடியவில்லை. அவர்கள் உண்மையிலேயே எதுவும் தெளிப்பதில்லையா?
— விவசாயி, கம்பம்

பதில்: தெளிக்கிறார்கள், ஐயா. உங்கள் ஐயம் நியாயமானது. இயற்கை வழித் தோட்டங்களில் அவர்கள் தெளிப்பது முதன்மையாக இரண்டு: ஒன்று கந்தகத் தூள், மற்றொன்று நீங்கள் நன்றாக அறிந்த போர்டோ கலவை. மயில்துத்தமும் (தாமிர சல்பேட்) சுண்ணாம்பும் சேர்ந்த அந்தக் கலவை, பெயர் சொல்வது போலவே, போர்டோ வட்டாரத்துத் திராட்சைத் தோட்டங்களில் பிறந்தது. வழிப்போக்கர் பழத்தைப் பறிக்காதிருக்கச் சாலையோரக் கொடிகளில் விவசாயிகள் நீல நிறத்தில் எதையோ பூசியிருந்ததையும், அந்தக் கொடிகளை மட்டும் அடிச்சாம்பல் நோய் தொடாததையும் கண்ட மில்லார்தே என்ற தாவரவியலாளர், அதைச் சோதித்து 1885இல் வெளியிட்டார்.

ஆனால் தாமிரம் மண்ணில் தங்கிவிடும் உலோகம்; மண்புழுவுக்கும் நல்லதல்ல. அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஒரு ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோ தாமிரத்துக்கு மேல் போடக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. மழை மிகுந்த ஆண்டில் இந்த வரம்புக்குள் நிற்பது பெரும்பாடு. இயற்கை ஒயின் என்றால் நஞ்சே தொடாதது என்று விளம்பரம் போலப் பேசுவது, உழைக்கிற தோட்டக்காரருக்கே அநீதி என்று கருதுகிறேன்.

உங்கள் ஊரில் கொடி பந்தலில் படர்கிறது, பழமும் ஆண்டுக்கு ஒரு முறையோடு நிற்பதில்லை. அங்கே குளிர்காலத்தில் கொடி உறங்கிவிடும். ஆண்டுக்கு ஒரே அறுவடைதான். பழைய பொஜொலேத் தோட்டங்களில் பந்தலோ கம்பியோ இல்லாமல், ஒவ்வொரு கொடியையும் இடுப்புயரத்துக்கும் குறைவான குட்டைச் செடியாகக் கவாத்து செய்து நிறுத்துகிறார்கள். ஒரு ஹெக்டேரில் ஏறத்தாழ 10,000 செடிகள். அத்தனை நெருக்கத்தில் களைக்கொல்லி இல்லாமல் களையெடுப்பது எத்தனை ஆள் வேலை என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: இங்கே கடையில் ‘சல்பைட் சேர்க்காதது’ என்று சொல்லித் தந்த புட்டியிலேயே ‘சல்பைட் உள்ளது’ என்று அச்சிட்டிருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றுகிறாரா? சரியான புட்டியை எப்படி அடையாளம் காண்பது?
— வாசகர், லியோன், பிரான்ஸ்

பதில்: கடைக்காரர் மீது பழி வேண்டாம். நொதித்தலின்போது ஈஸ்ட்டே சிறிதளவு சல்பைட்டை, அதாவது கந்தகச் சேர்மத்தை, உண்டாக்கும். ஒரு லிட்டரில் 10 மில்லிகிராமைத் தாண்டினால், யாரும் சேர்க்காவிட்டாலும், அந்த வாசகத்தை அச்சிட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். அளவை ஒப்பிட்டுப் பாருங்கள்: ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரணச் சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரையிலும், வெள்ளை ஒயினில் 200 வரையிலும் அனுமதி உண்டு. இயற்கை விவசாயச் சான்று பெற்ற சிவப்பு ஒயினுக்கு வரம்பு 100.

‘இயற்கை ஒயின்’ என்ற சொல்லுக்குச் சட்டப்படி வரையறை இல்லாததால் நெடுங்காலம் குழப்பம் இருந்தது. 2020இல் தோட்டக்காரர்களே கூடி ‘வென் மெத்தோத் நாத்யூர்’ என்ற அடையாளத்தை உருவாக்கி, பிரெஞ்சு அரசு அமைப்புகளின் ஒப்புதலும் பெற்றார்கள். சான்று பெற்ற இயற்கை விவசாயப் பழம், கையால் அறுவடை, உள்ளூர் ஈஸ்ட், சேர்மானம் ஏதுமின்மை, வடிகட்டலும் சூடேற்றலும் போன்ற முரட்டு வழிகள் கூடாமை ஆகியவை அதன் நிபந்தனைகள். சல்பைட்டே சேர்க்காததற்கு ஒரு முத்திரையும், லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருப்பதற்கு இன்னொரு முத்திரையும் உண்டு. அதைத் தேடுங்கள். ஆனால் முத்திரைக்கு விண்ணப்பிக்காத நல்ல தோட்டக்காரர்களும் பலர் இருக்கிறார்கள்.

லாப்பியேர் குடும்பத்தின் மொர்கோன் புட்டிகளிலேயே இரண்டு வகை வருகிறது. பின்பக்கச் சீட்டில் ‘என்’ என்ற எழுத்து இருந்தால் கந்தகம் அறவே சேர்க்காதது. ‘எஸ்’ இருந்தால் புட்டியில் அடைக்கும்போது மிகச் சிறிதளவு சேர்த்தது. நெடுந்தூரம் பயணிக்க வேண்டிய புட்டிகளுக்கு ‘எஸ்’ பாதுகாப்பு. வாங்குகிறவரிடம் இதை மறைக்காமல் எழுத்தாலேயே சொல்லிவிடும் நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். நீங்கள் ‘என்’ வாங்கினால், வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்படி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். 14 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டிய பொருள் அது.

கேள்வி: இயற்கை ஒயின் குடித்தால் தலைவலி வராது, உடம்புக்கு நல்லது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?
— வாசகி, மதுரை

பதில்: இல்லை, அம்மா. அதிலும் ஆல்கஹால் 12, 13 விழுக்காடு இருக்கிறது. தலைவலிக்கு முதல் காரணமும் அதுவே. சல்பைட் சில ஆஸ்துமா நோயாளிகளுக்கு மூச்சிரைப்பைத் தூண்டக்கூடும் என்பது உண்மை. அதே சமயம் பாக்டீரியா கட்டுப்பாடின்றிப் பெருகிய ஒயினில் ஹிஸ்டமின் கூடுதலாக இருக்கவும் வாய்ப்புண்டு. உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க மது அளவு எதுவுமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே அறிவித்துவிட்டது.

கேள்வி: வெளிநாட்டில் ஒரு நண்பர் வீட்டில் இப்படிப்பட்ட ஒயினைச் சுவைத்தேன். விழுங்கிய பிறகு வாயில் எலிப்புழுக்கை போல ஒரு நெடி எழுந்தது. ‘இதுதான் இயற்கை’ என்றார்கள். நான் ரசனையற்றவனா, ஒயின் கெட்டதா?
— வாசகர், சென்னை

பதில்: கெட்டது ஒயின்தான். உங்கள் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களும் அதை ‘எலிச் சுவை’ என்றுதான் அழைக்கிறார்கள். சிலவகை லாக்டிக் பாக்டீரியாவும் பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட்டும் உண்டாக்கும் சேர்மங்களால் வருவது அது. ஒயினின் புளிப்பில் அவை ஆவியாவதில்லை. ஆகவே கோப்பையை முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. விழுங்கிய பின் உமிழ்நீர் அந்தப் புளிப்பைத் தணித்தவுடன்தான் நெடி கிளம்புகிறது. உமிழ்நீரின் தன்மை ஆளுக்கு ஆள் மாறுவதால், ஒரே மேசையில் ஒருவர் முகம் சுளிக்கும்போது மற்றவர் ரசித்துக் குடித்துக்கொண்டிருப்பார். புறங்கையில் ஒரு சொட்டுத் தேய்த்து முகர்ந்து கண்டுபிடிக்கும் வழக்கமும் ஒயின் சுவைப்பவர்களிடையே உண்டு. எனக்கும் ஒருமுறை, ஆவலோடு வாங்கிவந்த புட்டி அப்படி ஆகி, முழுவதையும் தொட்டியில் கொட்ட நேர்ந்தது. அன்றைய ஏமாற்றம் இன்னும் நினைவிருக்கிறது.

கந்தகம் இல்லாத இடத்தில் இந்த ஆபத்து கூடுகிறது என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆனால் குறையைக் கொள்கையாக்கிக் கோப்பையில் ஊற்றுவதை நான் ஏற்கவில்லை. ஷோவேயும் லாப்பியேரும் தேடியது மாசற்ற ஒயின். அழுகிய பழத்தை மேசையில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்ததும், தொட்டியைத் தேய்த்துக் கழுவியதும் அதற்காகத்தான். இலேசான குமிழி மட்டும் இருந்தால் அது வேறு செய்தி. ஆக்சிஜன் அண்டாதிருக்க நொதித்தலின் வாயுவைக் கொஞ்சம் விட்டுவைப்பதுண்டு. அகன்ற குடுவையில் ஊற்றி நன்றாகக் குலுக்கினால் போய்விடும்.

கேள்வி: இவ்வளவு புகழ் பெற்ற பிறகும் இந்தத் தோட்டங்கள் ஏன் சிறியதாகவே இருக்கின்றன? லாப்பியேருக்குப் பின் யார் செய்கிறார்கள்?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஒரு ஹெக்டேரில் 40 ஹெக்டோலிட்டர், அதாவது 4,000 லிட்டர், கிடைத்தால் ஏறத்தாழ 5,300 புட்டிகள் வரும். இடத்தைப் பெருக்கினால் புட்டியும் பெருகும். ஆனால் பழுத்த நாளில் எல்லாக் குலைகளையும் கையால் பறிக்கவும், தரம் பிரிக்கவும், ஒவ்வொரு தொட்டியையும் இரவிலும் பார்த்துவரவும் ஆள் பெருகுவதில்லை. அதோடு வானமும் ஒத்துழைக்க வேண்டும்: 2021 ஏப்ரலில் பிரான்ஸ் முழுவதும் அடித்த உறைபனி, துளிர்விட்ட அரும்புகளை ஓரிரு இரவுகளில் கருக்கிவிட்டது. கடையில் ஈஸ்ட்டும் கந்தகமும் வாங்கும் செலவு மிச்சமானாலும், கூலியும் இழப்பும் சேர்ந்து புட்டியின் விலையை ஏற்றிவிடுகின்றன.

மார்செல் லாப்பியேர் 2010 அக்டோபரில், அந்த ஆண்டு அறுவடை முடிந்த கையோடு, புற்றுநோயால் காலமானார். அவருக்கு 60 வயது. பழம் தொட்டிகளில் இருந்தது. அதற்கு முன்பே தந்தையோடு நிலவறையில் வேலை செய்துவந்த மகன் மத்தியோ பொறுப்பேற்றார். இப்போது அவரும் சகோதரி கமீயும் சேர்ந்து, அதே வில்லியே-மொர்கோனில், ‘என்’ என்றும் ‘எஸ்’ என்றும் பின்சீட்டில் குறித்து ஒயினை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.